யாசர் அராஃபத்: அவர் தலையில் இருந்த கஃபியா உலக ஃபேஷன் ஆனது எப்படி?

வெள்ளைத் துணி, அதன்மேல் வலை பின்னியது மாதிரி கறுப்பு நூல் வேலை, ஓரங்களில் குஞ்சம். ஆன்லைன் கடைகளில் 'ஸ்கார்ஃப்' என்ற பெயரில் இதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஸ்டைலுக்காகக் கழுத்தில் சுற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். போராட்ட ஊர்வலங்களில் கொடி மாதிரி தூக்கிப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதன் பெயர் கஃபியா. சும்மா ஒரு துணிதானே, இதைப் போட்டால் ஏன் அரசியல் பேசுகிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் அது ஒருவரிடம்தான் போய் நிற்கும். அவர்தான் பாலத்தீனத் தலைவர் யாசர் அராஃபத். இறந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், இந்தத் துணியைப் பார்த்தால் பலருக்கு அவர் முகம்தான் ஞாபகம் வருகிறது.

அவருக்கு முன்பே இருந்த துணி

கஃபியாவை அராஃபத் கண்டுபிடிக்கவில்லை. அரபு நாடுகளில் வயலில் வேலை செய்பவர்களும், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர்களும் வெயிலுக்கும் புழுதிக்கும் தலையில் கட்டிக்கொண்ட துணி அது. நகரத்துப் படித்தவர்கள் அதைத் தொட மாட்டார்கள். அவர்கள் தலையில் இருந்தது சிவப்பு நிற துருக்கித் தொப்பி.

இதை மாற்றியது 1936 முதல் 1939 வரை பாலத்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த கிளர்ச்சி. கிராமத்திலிருந்து வந்த போராளிகள் கஃபியாவால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். ஆனால் நகரத்துக்குள் நுழைந்தால் அந்தத் துணியே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. எனவே 1938-ல் கிளர்ச்சித் தலைவர்கள் ஒரு உத்தரவு போட்டார்கள். நகரத்து ஆண்களும் தொப்பியைக் கழற்றிவிட்டு கஃபியா கட்ட வேண்டும். எல்லோர் தலையிலும் அதே துணி என்றால், போராளி யார், கடைக்காரர் யார் என்று சிப்பாய்க்கு எப்படித் தெரியும்?

கஃபியா அரசியல் துணியானது அப்போதுதான்.

கெய்ரோவில் பிறந்த பையன்

அராஃபத் 1929 ஆகஸ்டில் எகிப்தின் கெய்ரோவில் பிறந்தார். பெற்றோர் பாலத்தீனர்கள். நான்கு வயதில் அம்மா இறந்துவிட, ஜெருசலேமில் இருந்த தாய்வழி உறவினர் வீட்டில் சில ஆண்டுகள் வளர்ந்தார். பிறகு மீண்டும் கெய்ரோ. அங்கேயே சிவில் இன்ஜினியரிங் படித்தார்.

1948-ல் இஸ்ரேல் உருவானது. அதையொட்டி நடந்த போரில் சுமார் 7 லட்சம் பாலத்தீனர்கள் வீடு வாசலை இழந்து அகதிகளானார்கள். கெய்ரோவில் பாலத்தீன மாணவர் சங்கத்துக்குத் தலைவரான அராஃபத், 1956-ல் பிராக் நகரில் நடந்த மாணவர் மாநாட்டுக்குப் போனார். அங்கே வெறும் வெள்ளை நிறத்தில் ஒரு கஃபியா அணிந்து நின்றார். கறுப்பு-வெள்ளை வலைக்கட்டம் அவரிடம் வந்தது அதற்குப் பிறகு, குவைத்தில்.

குவைத்தில் இன்ஜினியர் வேலை, நல்ல சம்பளம். ஆனால் அங்கிருந்தபடியே நண்பர்களுடன் சேர்ந்து 'ஃபத்தா' இயக்கத்தைத் தொடங்கினார்.

ஒரு போர், ஒரு அட்டைப்படம்

1967 போரில் இஸ்ரேலிடம் அரபு நாடுகள் தோற்றன. அடுத்த ஆண்டு மார்ச்சில், ஜோர்டானில் உள்ள கராமே என்ற ஊரில் ஃபத்தா முகாமை இஸ்ரேல் படை தாக்கியது. ஜோர்டான் ராணுவமும் பாலத்தீனப் போராளிகளும் எதிர்த்துச் சண்டை போட்டார்கள். முகாம் அழிந்தது, ஆனால் இஸ்ரேலுக்கும் இழப்பு. தோல்வியில் துவண்டிருந்த அரபு மக்களுக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் 'டைம்' இதழ் அட்டையில் அராஃபத் முகம் வந்தது. 1969 பிப்ரவரியில் பாலத்தீன விடுதலை இயக்கமான பி.எல்.ஓ.வின் தலைவரானார். அதே ஆண்டு, வேறொரு பாலத்தீன அமைப்பைச் சேர்ந்த லைலா காலித் விமானக் கடத்தலில் ஈடுபட்டார். தலையில் கஃபியா, கையில் துப்பாக்கியுடன் அவர் இருக்கும் போட்டோ உலகம் முழுக்கப் பரவியது. ஆண்கள் மட்டுமே அணிந்துவந்த துணி, அதன்பின் பெண்கள் தலைக்கும் தோளுக்கும் வந்தது.

தோளில் ஒரு வரைபடம்?

கஃபியாவைக் கட்டுவதில் அராஃபத்துக்கு ஒரு தனி பாணி இருந்தது. ஒரு பக்கத்தை நீளமான முக்கோணமாக மடித்து வலது தோளின் முன்னால் தொங்கவிடுவார். அது பழைய பாலத்தீனத்தின் வரைபட வடிவம் என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். துணியில் இருக்கும் வலை மீனவர்களைக் குறிக்கிறது, ஓரத்தில் இருப்பவை ஒலிவ இலைகள் என்றும் விளக்கம் உண்டு.

அராஃபத்துக்கு அப்போது நாடு கிடையாது. ஜோர்டானிலிருந்து விரட்டப்பட்டு லெபனான், 1982-ல் அங்கிருந்தும் வெளியேறி துனிசியா என்று ஊர் ஊராக அலைந்தார். எந்த நாட்டில் போய் இறங்கினாலும் தலையில் இருந்த துணியே அவர் யார் என்பதைச் சொன்னது.

1974 நவம்பரில் அதே துணியோடு ஐ.நா. பொதுச் சபையில் பேசினார். தன்னிடம் சமாதானத்தின் ஒலிவக் கிளையும் இருக்கிறது, போராளியின் துப்பாக்கியும் இருக்கிறது, கிளை கீழே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அமைந்தது அந்தப் பேச்சு. பி.எல்.ஓ.வை அங்கீகரித்த முதல் அரபு அல்லாத நாடு இந்தியா. இந்திரா காந்தியை அராஃபத் சகோதரியாகவே மதித்தார். அவர் கொல்லப்பட்டபோது இறுதிச் சடங்குக்கு டெல்லி வந்தார்.

எல்லோருக்கும் ஹீரோ இல்லை

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்களும் பயிற்சியாளர்களுமாக 11 பேரைக் கொன்ற 'கறுப்பு செப்டம்பர்' குழுவுக்கு ஃபத்தாவுடன் தொடர்பு இருந்தது. அதனால் இஸ்ரேலியர்கள் பலருக்கு அந்தக் கறுப்பு-வெள்ளைத் துணி இன்றும் பயத்தையே நினைவூட்டுகிறது. பாலத்தீனர்களிலும் அவரை விமர்சித்தவர்கள் உண்டு. அவரது நிர்வாகத்தில் ஊழல் இருந்தது, அதிகாரத்தை யாருடனும் பகிரவில்லை என்றார்கள்.

1993 செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் இஸ்ரேல் பிரதமர் யிட்சாக் ரபினுடன் கை குலுக்கினார். அப்போதும் தலையில் கஃபியா. அடுத்த ஆண்டு ரபின், ஷிமோன் பெரஸ் ஆகியோருடன் அவருக்கும் அமைதிக்கான நோபல் பரிசு. அந்த அமைதி நிலைக்கவில்லை. 2002 முதல் ரமல்லாவில் உள்ள அலுவலக வளாகத்தில் இஸ்ரேல் படையால் முடக்கப்பட்டார். 2004 நவம்பர் 11 அன்று பிரான்சில் ஒரு ராணுவ மருத்துவமனையில் இறந்தார். ஜெருசலேமில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவர் ஆசை. இஸ்ரேல் அனுமதிக்காததால், அந்த ரமல்லா வளாகத்திலேயே அடக்கம் நடந்தது.

ரேம்புக்கு வந்த கஃபியா

அராஃபத் உயிரோடு இருந்தபோதே ஐரோப்பிய, அமெரிக்க மாணவர்கள் ஆதரவைக் காட்ட கஃபியா அணிந்தார்கள். பிறகு அர்த்தம் தெரியாமல், பார்க்க நல்லா இருக்கே என்று வாங்கியவர்கள் வந்தார்கள். 2007-ல் பலென்சியாகா நிறுவனத்தின் ஃபேஷன் ஷோவில் மாடல்கள் கஃபியா பாணித் துணியுடன் நடந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ், போர் எதிர்ப்பு ஸ்கார்ஃப் என்று பெயர் வைத்து விற்றது. எதிர்ப்பு வந்ததும் விற்பனையை நிறுத்தியது. 2021-ல் லூயி விட்டான், நீலம்-வெள்ளையில் கஃபியா போன்ற ஒரு துணியை 705 டாலருக்கு விற்பனைக்கு வைத்தது. நீலமும் வெள்ளையும் இஸ்ரேல் கொடியின் நிறங்கள். கேட்க வேண்டுமா? கண்டனம் கிளம்பியதும் வெப்சைட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கவனித்துப் பாருங்கள், எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. வன்முறையின் அடையாளத்தை விற்காதீர்கள் என்று ஒரு தரப்பு. எங்கள் அடையாளத்தில் அர்த்தத்தை உருவிவிட்டு விற்காதீர்கள் என்று இன்னொரு தரப்பு.

நின்றுபோன தறிகள்

இந்த ஃபேஷனால் பாலத்தீனத்துக்கு லாபமா? அதற்கு ஹெப்ரான் நகரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 1961-ல் ஹிர்பாவி குடும்பம் ஜப்பானின் சுசுகி தறிகளை வைத்து கஃபியா நெய்யும் ஆலையைத் தொடங்கியது. 1990-களில், அராஃபத் அமைதி ஒப்பந்தம் போட்ட அதே காலத்தில், இறக்குமதிக்கு வழி திறந்தது. சீனாவிலிருந்து மலிவு விலை கஃபியா வந்து குவிய, ஹெப்ரானில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. உலகம் முழுக்க கஃபியா விற்றுக்கொண்டிருந்தபோது, பாலத்தீனத்தில் அதை நெய்த கடைசி ஆலை மூடும் நிலைக்கு வந்தது.

வெளிநாட்டு ஆதரவாளர்கள் தேடி வந்து வாங்கத் தொடங்கிய பிறகே ஆலை மூச்சுவிட்டது. 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பிறகு, ஆர்டர்களைச் சமாளிக்க முடியாத அளவுக்குத் தேவை எகிறியது.

இன்று போடலாமா, கூடாதா?

காஸா போருக்குப் பிறகு, பெர்லினில் பள்ளிகள் விரும்பினால் கஃபியாவுக்குத் தடை போடலாம் என்று கல்வித் துறை அனுமதித்தது. 2024-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாண சட்டமன்றத்துக்குள் கஃபியா அணியக்கூடாது என்று சபாநாயகர் தடை விதித்தார். பிறகு அது ஓரளவு தளர்த்தப்பட்டது. வெறும் ஃபேஷன் துணிக்கு யாரும் தடை போட மாட்டார்கள்.

போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம். ஆனால் வாங்கும்போது அது எங்கே நெய்யப்பட்டது என்று ஒரு தடவை லேபிளைப் பார்க்கலாம். யாராவது இது என்ன துணி என்று கேட்டால், வெயிலுக்குக் கட்டிய விவசாயியிடமிருந்து அராஃபத்தின் தலை வரை வந்த கதையைச் சொல்லலாம்.