ஓர் அறை வீட்டில் ஒரு வைத்தியர்

ஸ்கொட்லாந்தின் பிளான்டயர் கிராமத்தில், பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்கள் 24 வாழ்ந்த கட்டடத்தின் ஓர் அறையே டேவிட் லிவிங்ஸ்டனின் வீடு. அவர் பிறந்தது 1813இல். சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அந்த அறைக்குள்தான். தகப்பனார் நீல் ஊரூராகத் தேயிலை விற்றார். பத்து வயதில் டேவிட்டும் ஆலைக்குப் போனார். முதற்கிழமைக் கூலியில் ஒரு பங்கு இலத்தீன் இலக்கண நூலுக்குப் போயிற்று. காலை 6 முதல் இரவு 8 வரை வேலை. பின்னர் இரவுப் பள்ளி. நள்ளிரவானால் தாயார் ஆக்னஸ் புத்தகத்தைப் பறித்துப் படுக்க வைப்பார். 1840இல் வைத்தியரானார்.

உலகம் அவரது ஆபிரிக்கப் பயணங்களையே பேசுகிறது. நாமோ, பிள்ளையின் கூலி தேவைப்பட்டும் புத்தகத்துக்கு இடம்விட்ட அந்த வீட்டை நினைக்கிறோம். நம்மைப் படிக்க அனுப்பிய வீடுகளிலும் அத்தகையவை உண்டு.