அடேல் ஹ்யூகோ என்னும் புதிர்

விக்டர் ஹ்யூகோவை நாம் அறிவோம். அவருடைய இளைய மகள் அடேலை அறிந்தவர் சிலரே. 1830இல் பாரிசில் பிறந்தவள். பியானோ வாசிப்பில் தேர்ந்தவள். பின்சன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரிமீது மையல் கொண்டாள். அவன் மனம் விலகியது. அவள் மனமோ விலகவில்லை. 1863இல் வீட்டைத் துறந்து, கடல் கடந்து, அவனிருந்த ஹாலிபாக்ஸ் நகரம் சேர்ந்தாள். மணமாகிவிட்டதெனக் கடிதம் எழுதினாள். தந்தையும் அதைப் பத்திரிகையில் அறிவித்துவிட்டார், பாவம்! மணம் நடக்கவேயில்லை. 1866இல் பார்படாசுக்கும் அவனைத் தொடர்ந்தாள்.

அந்தக் கடிதந்தான் என்னைத் திகைக்க வைக்கிறது. ஏமாற்ற எழுதினாளா, தானே நம்பி எழுதினாளா? 1843இல் அக்காள் லியோபோல்தீன் செய்ன் நதியில் மூழ்கி இறந்தபோது அடேலுக்கு வயது 13. தந்தை இறந்த மகளைப் பல கவிதைகளில் பாடினார். உயிரோடிருந்த மகளின் உள்ளத்தை யார் பார்த்தார்கள்? பின்சனைவிட இதுவே காரணமென்று எனக்குப் படுகிறது.

1872இல் பார்படாஸ் பெண்மணி ஒருத்தி அவளைத் தந்தையிடம் கொண்டுவந்து சேர்த்தாள். 1915இல் இறக்கும்வரை மனநோயாளர் விடுதிதான் அவளுக்கு வீடு.