இரும்பாலையைக் காத்த மேதை

1955-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சென்னைக்கு மேற்கேயுள்ள ஆவடியில் காங்கிரசுப் பேரவை கூடிற்று. நாட்டைச் சமதர்ம முறையில் அமைப்பது என்று அங்கே முடிவு செய்யப்பட்டது. பெருந்தொழில்களை அரசே ஏற்று நடத்தும் நெறி அதனால் வலுப்பெற்றது. அவ்வாண்டிலேயே ‘பாரத ரத்தினம்’ என்னும் விருது பெற்ற முதியவர் ஒருவர், அரசுத் தொழிலை எவ்வாறு நடத்துதல் வேண்டும் என்பதை முப்பது ஆண்டுகட்கு முன்னரே செய்து காட்டியிருந்தார். அவரே விசுவேசுவரய்யா.

மைசூர் நாட்டில் முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்த அவர், பொறியியல் கற்றுப் பம்பாய் மாகாணத்தில் பணி புரிந்தார். பின்னர் மைசூரின் தலைமைப் பொறியாளராகிக் கண்ணம்பாடி அணைக்கு வழிகோலினார். 1912 முதல் 1918 வரை அந்நாட்டின் திவானாக விளங்கினார். பத்திராவதியில் இரும்பாலை அமைக்கும் திட்டம் அவர் முயற்சியால் உருவானதே ஆகும்.

1923-ஆம் ஆண்டில் அவ்வாலை வேலையைத் தொடங்கியது. அருகில் நிலக்கரி கிடைக்கவில்லை. ஆதலின் காட்டு மரங்களைக் கரியாக்கி, அக்கரியைக் கொண்டே இரும்பை உருக்கினர். முதல் உலகப் போருக்குப் பின்னர் இரும்பின் விலையோ வீழ்ந்துவிட்டது. மக்கள் செலுத்திய வரிப்பணம் உலையில் இட்ட விறகுபோல் கரைந்தது. இனி இவ்வாலை நிலைக்குமோ என்று பலரும் ஐயுற்றனர்.

அந்நிலையில் ஆலையின் தலைமையை ஏற்குமாறு அரசு அவரை வேண்டிற்று. அப்பொழுது அவர் அறுபது வயதைக் கடந்தவர். பதவியும் புகழும் முன்னரே எய்தியவர். தோல்வி நேரின் பழி தம்மையே சாரும் என்பதை அறிந்தும் அவர் பின்வாங்கவில்லை. ஆலையின் வரவு செலவுகளைக் கூர்ந்து ஆராய்ந்தார், வீண்செலவைக் களைந்தார். மிகுந்த ஊதியம் பெற்ற அயல்நாட்டு வல்லுநர் இருந்த இடங்களில், நம் நாட்டவரைப் பயிற்றி அமர்த்தினார். காலந்தவறாமையைப் பிறர்க்கு விதித்ததோடு நில்லாமல், தாமே அதற்கு எடுத்துக்காட்டாகத் திகழ்ந்தார். 1929 வரை அவர் அப்பொறுப்பைத் தாங்கினார். ஆலையும் தளர்ச்சி நீங்கித் தலைநிமிர்ந்தது.

அப்பணிக்காகத் தமக்குச் சேரவேண்டிய பெருந்தொகையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. இளைஞர் கைத்தொழில் பயில்வதற்குப் பெங்களூரில் ஒரு நிலையம் அமைக்குமாறு அதனை அளித்தார். அதற்குத் தம் பெயரைச் சூட்டவும் இசையாமல், அரசர் பெயரையே சூட்டச் செய்தார். 1962-ஆம் ஆண்டில், நூறு வயதைக் கடந்த நிலையில் அவர் மறைந்தார். பின்னர்ப் பத்திராவதி ஆலை அவர் பெயரையே தாங்கியது.

பேரவை கூடிய ஆவடியிலேயே 1961-இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை அமைந்தது. 2021 முதல் அது, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனம் ஒன்றன் பகுதியாக இயங்கி வருகின்றது. இத்தகைய ஆலைகள் நம் அனைவர்க்கும் உரியவை. எல்லார்க்கும் உரிய பொருளை எவரும் பேணாது விடுதல் உலகியல்பு. அதனைத் தம் பொருளினும் மேலாகப் பேணும் தலைவர் வாய்ப்பின், அரசுத் தொழில் தழைக்கும். வாய்க்காவிடின், எத்துணைப் பொருள் இடினும் அது நலியும். இவ்வுண்மையை விசுவேசுவரய்யாவின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.