மஞ்சள் மாத்திரையின் பின்னணியில் ஒரு சென்னை மாணவர்: டாக்டர் சுப்பாராவ்

பினாங்கு சூலியா தெரு மருந்துக்கடைகளில் ஃபோலிக் அமில மாத்திரை சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். கர்ப்பிணிகளுக்கு அரசாங்கக் கிளினிக்கிலும் கொடுக்கிறார்கள். அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையின் சரக்கை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகதா சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் படித்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அவர் கதர் அங்கி அணிந்து வந்தது, அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரான வெள்ளைக்காரருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் போய், அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். மட்டுமே கைக்கு வந்தது. ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அண்ணனைப் பலிகொண்டிருந்தது. அதே நோய் அவரையும் படுக்கையில் தள்ளியது. ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்தார்.

1920-களின் தொடக்கத்தில் மாமனார் வீட்டு உதவியோடு, மனைவியை ஊரில் விட்டு, ஹார்வர்டுக்குக் கப்பலேறினார். படிப்புக்குக் காசில்லாமல் மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்தார். ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு சேர்ந்து இரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்கும் முறையை 1925-இல் கண்டறிந்தார். உடலின் சக்தி நாணயமான ஏ.டி.பி.யை 1929-இல் தசையிலிருந்து பிரித்ததும் இவர்கள்தான். இத்தனைக்கும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. 1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

பம்பாய் ஆலைகளில் உழைத்த கர்ப்பிணிகளின் இரத்தசோகை மார்மைட்டால் குணமாவதை லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஏற்கெனவே கண்டிருந்தார். நம் வீடுகளில் ரொட்டியில் தடவும் அதே மார்மைட்தான். அதிலிருந்த பொருள்தான் ஃபோலிக் அமிலம். ஈரலிலிருந்து எடுத்தால் துளியளவே தேறும். கரிமமும் நைட்ரஜனும் கலந்து கோத்த இரட்டை வளையம் அதன் மையம். அந்த வளையங்களில் நான்கு நைட்ரஜன், முழு மூலக்கூற்றில் ஏழு. சுப்பாராவ் குழுவினர் 1945-இல் மூன்று பொருள்களை ஒன்றாகக் கலந்து வினைபுரிய வைத்து அதைச் செய்து காட்டினர். அண்ணனைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது.

அதே வளையத்தில் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டு நைட்ரஜன் தொகுதியைச் சேர்த்தால், செல் அதை ஃபோலிக் அமிலம் என்று நம்பி ஏமாந்து, பெருக முடியாமல் நின்றுவிடும். இப்படி உருவான அமினோப்டெரினைத்தான் பாஸ்டன் டாக்டர் ஃபார்பர் 1947-இல் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பலருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதன் தங்கையான மெத்தோட்ரெக்சேட் இன்று மூட்டுவாதத்துக்கும் தரப்படுகிறது.

யானைக்கால் நோய்க்கான ஹெட்ராசானும் அவர் பிரிவில் பிறந்ததே. இரண்டு நைட்ரஜன் கொண்ட வளையம் அதில் உண்டு. மலேசியாவின் யானைக்கால் ஒழிப்பு வேலையிலும் அந்த மாத்திரைதான் கைகொடுத்தது.

1948 ஆகஸ்டு 8-ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். வயது 53. ஊருக்குத் திரும்பவே இல்லை, அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கவில்லை. இந்திய அஞ்சல் துறை 1995-இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.