இசையை ஆய்ந்த ஆபிரகாம் பண்டிதர்

இசை கேட்டு மகிழ்வோர் பலர். அதன் இலக்கணத்தை ஆராய்வோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்னிற்பவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில், கிறித்தவக் குடும்பமொன்றில் 1859 ஆகஸ்டு 2 அன்று பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் பிடில் வாசிக்கக் கற்றார். பின்பு தஞ்சையில் பெண்கள் பள்ளியொன்றில் தமிழாசிரியரானார். துணைவியார் பொன்னம்மாளும் அங்கேயே ஆசிரியை. சித்த மருத்துவத்தில் தேர்ந்த பண்டிதர், பள்ளிப் பணியை விட்டு மருந்துகள் செய்து பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளை இசை ஆராய்ச்சிக்கு வாரி வழங்கினார்.

ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை? இதுவே அவரை வாட்டிய வினா. வடமொழி நூல்கள் 22 என்றன. பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் துருவித் துருவிப் படித்தார். அவ்வுரையை வகுத்த அடியார்க்கு நல்லார் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்று கருதப்படுவது நமக்குப் பெருமையன்றோ! இராசி வட்டம் போல் 12 வீடுகள் அமைத்து, குரலிலிருந்து (ச) இளிக்கும் (ப), அவ்விளியிலிருந்து அதன் இளிக்குமாகச் சென்றால் எல்லா வீடுகளும் நிரம்பக் கண்டார். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பகுத்து, சுருதிகள் 24 என நிறுவினார்.

1912 இல் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்து, தம் செலவிலேயே இசை மாநாடுகள் நடத்தினார். 1916 இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. மாற்றுக் கருத்துடைய அறிஞர் பலர் அமர்ந்திருந்த அவையில், தந்தையின் கொள்கையை வீணையில் மெய்ப்பித்துக் காட்டியவர்கள் அவருடைய புதல்வியர் மரகதவல்லியும் கனகவல்லியுமே! மேடையேறும் பெண்கள் அரிதாயிருந்த காலம் அது. தந்தை கற்பித்ததைச் செவியாலும் விரலாலும் தேர்ந்திருந்ததால் அவர்கள் அஞ்சவில்லை.

ஆராய்ச்சி முழுவதையும் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலாக 1917 இல் வெளியிட்ட பண்டிதர், 1919 ஆகஸ்டு 31 அன்று மறைந்தார். அவருடைய 24 சுருதிக் கொள்கையை அறிஞர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் பழந்தமிழ் நூல்களுள் இசையிலக்கணம் புதைந்து கிடப்பதை அவர் நாடறியச் செய்தார். விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947 இல் அவ்வழியில் மலர்ந்தது.

அன்பு மாணவியரே! பாடுவதோடு நில்லாமல், ஏன் என்றும் கேளுங்கள். விடை கண்டால் அவை நடுவே அஞ்சாது எடுத்துக்காட்டுங்கள்.