இரண்டாம் அலெக்சாந்தர்

இரண்டாம் அலெக்சாந்தர் (ஏப்ரல் 29, 1818 – மார்ச் 13, 1881) 1855 முதல் இறக்கும்வரை ரஷ்யப் பேரரசின் மன்னராக இருந்தவர். மாஸ்கோவில் பிறந்த இவர், கிரிமியப் போரின்போது தந்தை முதலாம் நிக்கலாஸ் இறந்ததை அடுத்து அரியணை ஏறினார். அப்போரில் அடைந்த தோல்வி, நாடு பின்தங்கியிருந்ததை உணர்த்தியது.

1861 இல் பண்ணையடிமை முறையை ஒழித்து, நிலக்கிழார்களின் கீழிருந்த 2 கோடிக்கும் மேற்பட்டோரை விடுவித்தார். ஆயினும், பெற்ற நிலத்துக்கான விலையை உழவர்கள் 49 ஆண்டுத் தவணைகளில் செலுத்த வேண்டியிருந்தது. 1863 இல் எழுந்த போலந்துக் கிளர்ச்சியைக் கடுமையாக ஒடுக்கினார். 1864 இல் ஜூரி முறையையும், செம்ஸ்துவோ எனப்படும் உள்ளூராட்சி மன்றங்களையும் ஏற்படுத்தினார்.

சட்ட வரைவுகளை ஆராய்வதில் தேர்ந்தெடுக்கப்பட்டோருக்கும் இடமளிக்கும் திட்டத்துக்கு இவர் ஒப்புதல் அளித்த நாளிலேயே, சென் பீட்டர்ஸ்பர்க்கில் மக்கள் விருப்பம் என்னும் புரட்சிக் குழுவினர் வீசிய வெடிகுண்டினால் கொல்லப்பட்டார். அடுத்து ஆட்சிக்கு வந்த மகன் மூன்றாம் அலெக்சாந்தர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.