லட்யன்ஸும் ரெய்சினா குன்றும்

புது டில்லியில் குடியரசுத் தலைவர் வாழும் மாளிகையை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். 1869-இல் இலண்டனில் பிறந்த அவர், சிறு வயதில் நோயுற்றதால் முறையாகப் பள்ளி செல்லவில்லை. கண்ணாடித் துண்டு ஒன்றைக் கண்முன் பிடித்து, அதன் வழியே தெரியும் வீடுகளைச் சோப்புச் சீவலால் அதன்மேல் வரைந்து பழகினார். பின்னர்க் கலைப் பள்ளியில் சேர்ந்தும் படிப்பை முடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த எனக்கு இச்செய்தி வியப்பையும் துணிவையும் தந்தது.

1911-இல் தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே லட்யன்ஸ் இந்தியா வந்தார். ரெய்சினா குன்றின்மேல் 340 அறைகள் கொண்ட மாளிகையை அவரும், அதன் முன்னே இரு செயலகக் கட்டடங்களை நண்பர் ஹெர்பர்ட் பேக்கரும் அமைத்தனர். சாஞ்சித் தூபியை நினைவூட்டும் குவிமாடமும், மொகலாயர் பாணியில் நீர்க்கால்கள் ஓடும் தோட்டமும் லட்யன்ஸின் கைவண்ணம்.

அவர்கள் நட்பைக் கெடுத்தது ஒரு சரிவு. செயலகங்களுக்கிடையே ஏறிச்செல்லும் சாலையின் மேட்டு விளிம்பு, கீழே நிற்பவர் கண்ணுக்கு மாளிகையை மறைத்தது, குவிமாடமே தெரிந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்று நாம் படிக்கிறோமல்லவா? அந்த எளிய விதிதான் இங்கே வென்றது. முதலில் தாமே ஒப்புக்கொண்ட அச்சரிவை மாற்ற லட்யன்ஸ் பெரிதும் போராடினார். செலவு மிகும் என்று அரசு மறுத்தது. நண்பர்கள் பல்லாண்டு பேசிக்கொள்ளவில்லை.

1931-இல் புதிய தலைநகர் திறக்கப்பட்டது. 1944-இல் லட்யன்ஸ் மறைந்தார். மூன்றே ஆண்டுகளில் ஆங்கில ஆட்சியும் அகன்றது. 1950-இல் அம்மாளிகையிலேயே இராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். சரிவு மட்டும் இன்றும் அப்படியே உள்ளது. வரைபடத்தில் கோடு போடும்போதே, அந்த இடத்தில் நின்று பார்ப்பவனின் கண்ணையும் நினைக்க வேண்டும் என்பதே அவர் வாழ்விலிருந்து நான் கற்ற பாடம்.